மரமென்று நம்பி வந்த புழு

காலையில் சேமியா உப்புமா சாப்பிட்டது என் தப்புதான். ஆனால் செல்லூரில் ஒரு மரக் குடோனுக்குள் நின்றுகொண்டு, மைக்ராஸ்கோப்பில் ஒற்றைக் கண்ணை வைத்து, அதே சேமியா உயிரோடு நெளிவதைப் பார்க்கப் போகிறேன் என்று எனக்கு யார் சொன்னார்கள்?

"தெரியுதாண்ணே?" என்றாள் ருமானா.

"நல்லாத் தெரியுதும்மா. இனிமே என் ஜென்மத்துக்கும் பாயசம் கிடையாது."

சே! ஒன்றா, இரண்டா? ஒரு சொட்டுத் தண்ணீருக்குள் கும்பலாக, ஒன்றின் மேல் ஒன்று ஏறி, வளைந்து நெளிந்து... வாயைப் பொத்திக்கொண்டு வாசல் பக்கம் ஓடினேன்.

"அண்ணே, வாந்தி எடுக்கிறதுன்னா தள்ளிப் போய் எடுங்க. தடயம் கெட்டுரும்" என்றாள் பவதாரிணி, திரும்பிக்கூடப் பார்க்காமல்.

பவதாரிணி என் முதலாளி. போலீஸில் எஸ்.ஐ. உத்தியோகத்தை உதறிவிட்டு விளாங்குடியில் ஒரு மாவு மில்லுக்கு மேலே துப்பறியும் ஆபீஸ் போட்டவள். அவளுக்கு நான் அண்ணன், எனக்கு அவள் தாயி. கட்சிக்காரர் எதிரே மட்டும் மேடம். என் பெயர் அசோக்குமார். முன்னாள் ஆட்டோ டிரைவர். கருவாட்டுக் கூடையோடு ஏறியவரைப் பாதி வழியில் இறக்கிவிட்ட பாவத்துக்கு ஸ்டாண்டை விட்டே துரத்தப்பட்டவன். என் மூக்கு அப்படி. அந்த மூக்குக்காகத்தான் பவதாரிணி எனக்குச் சம்பளம் தருகிறாள் என்று நான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

குடோன் ருமானாவின் அப்பா அப்துல் ரசாக்குடையது. வெளிநாட்டு மெஷின்களைச் சுற்றி வருகிற பைன் மரப் பெட்டிகளை வாங்கிப் பிரித்து, பூச்சி புழு சாகச் சூட்டறையில் போட்டு வாட்டி, கட்டில், அலமாரி, தொட்டில் என்று செய்து விற்கிறார். மதுரையில் பாதிப் பிள்ளைகள் அவர் தொட்டிலில்தான் தூங்கியிருக்கும். இந்தத் திங்கட்கிழமை வேளாண்மைத் துறை அதிகாரி கனகா சோதனைக்கு வந்து, பின்வரிசைப் பலகையில் கொஞ்சம் செதுக்கித் தண்ணீரில் ஊறப்போட்டார். தண்ணீரில் புழு. பைன் மரத்துக்குள் புகுந்து மரத்தையே பட்டுப்போக வைக்கிற புழுவாம்.

"சூட்டறையில வாட்டுன பலகையில புழு இருந்தா, சூட்டறை பொய், இல்லேன்னா பாய் பொய்" என்று சொல்லிவிட்டார் அந்த அம்மாள். புழு இங்கிருந்து வண்டு மேல் ஏறிக் கொடைக்கானல் பைன் காட்டுக்குப் போய்விட்டால் யார் பதில் சொல்வது? ஆகவே குடோனில் இருக்கிற அத்தனை மரத்தையும் நாளைக் காலையில் எரிக்க உத்தரவு. எரித்தால் ரசாக்கின் தொழிலும் அதோடு போச்சு.

ரசாக் ஒரு மூலையில் பாதி செய்த தொட்டிலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பக்கத்தில் அவர் மனைவி சபுராவின் தம்பி அப்துல் அலீம், டிபன் கேரியரைத் திறந்துவைத்துக்கொண்டு, இடியாப்பத்தைப் பிய்த்து ஆட்டுக்கால் பாயாவில் நனைத்து அவர் வாய்க்குக் கொண்டுபோனார்.

"ஒரு வாய், மச்சான். எனக்காக. மூணு நாளா ஒழுங்காச் சாப்பிடலன்னு அக்கா அழுகுது."

"இறங்கலடா மாப்ள."

"இறங்கும். ஆ காட்டுங்க."

அலீமின் கண்ணில் நீர் நின்றது. அந்தப் பாசத்தைப் பார்த்து நானே உருகிப்போனேன். ஆனால் இடியாப்பத்தைப் பார்த்ததும் மைக்ராஸ்கோப் ஞாபகம் வந்து, மறுபடி வாசல் பக்கம் போனேன்.

திரும்பி வந்தபோது ருமானா ஒரு கண்ணாடித் தட்டைத் திறந்து பவதாரிணிக்குக் காட்டிக்கொண்டிருந்தாள். அவள் வேளாண் கல்லூரியில் பயிர் நோய் ஆராய்ச்சி செய்கிற பெண். தட்டில் சாம்பல் நிறத்தில் பூஞ்சை, ஊசிப்போன இட்லி மேல் பூத்தது போல.

"இதுக்குள்ள என்ன கொடுமைம்மா?" என்றேன்.

"இது அந்தப் புழுவுக்கு எமன்ணே. பைன் மரம் விடுற வாசத்தையே இந்தப் பூஞ்சையும் விடும். புழு, மரம்தான் கூப்பிடுதுன்னு நம்பித் தேடி வரும். வந்து உரசுனதும் பூஞ்சையோட வித்து புழு தோல்ல ஒட்டிக்கும். அப்புறம் உள்ளுக்குள்ள முளைச்சு, உசுரோட வச்சே தின்னுரும்."

"அடச் சீ! தின்கிறதுதான் தின்குது, கூப்பிட்டு வச்சா தின்கணும்?"

"துரத்திப் புடிக்க அதுக்குக் காலா இருக்கு? வாசம்தான் அதுக்குக் கை, காலு எல்லாம்."

பவதாரிணி தட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். "அப்ப புழு எங்க ஒளிஞ்சிருந்தாலும் இதை வச்சா வெளியே வரும். நமக்கு ஒரு மோப்ப நாய் கிடைச்சிருச்சு."

"அப்ப நான் யாரு?"

"நீங்க சீனியர், அண்ணே. வாங்க, வந்து உங்க வேலையைப் பாருங்க. இங்க இருக்க நல்ல பலகை ஒண்ணு, புழு வந்த பலகை ஒண்ணு. ரெண்டையும் மோந்து பாருங்க."

"புழுப் பலகையையா? தாயி, நான் புள்ளகுட்டிக்காரன்!"

"மேடம்" என்று திருத்தினாள்.

மேடம் சொன்னால் மறு பேச்சு ஏது? மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு முதலில் நல்ல பலகை. பைன் மரத்துக்கே உரிய டர்பன்டைன் நெடி. அதற்கு அடியில் இன்னொரு வாசனை, நன்றாகப் பழகியது. வேறு பலகை எடுத்தேன். அதிலும் அதே. தொட்டிலிலும் அதே. பிறகு கண்ணை இறுக மூடிக்கொண்டு புழுப் பலகைக்கு மூக்கைக் கொடுத்தேன். பைன் நெடி இருந்தது. மற்றது இல்லை. அதற்குப் பதிலாக அவிந்த வைக்கோலும் காளானும் கலந்த ஒரு நாற்றம். குமட்டிக்கொண்டு வந்தது.

"பாய், இங்க சாம்பிராணி போடுவீகளா?" என்றேன் ரசாக்கிடம்.

"வெள்ளிக்கிழமை தவறாம பாவா ஒருத்தர் வந்து மூலை மூலைக்குப் புகை போட்டுட்டுப் போவாரு. எங்க அத்தா காலத்துல இருந்து உள்ள வழக்கம். ஏன் தம்பி?"

"இந்தக் குடோன்ல இருக்க ஒவ்வொரு கட்டையிலயும் சாம்பிராணி ஊறிக் கிடக்கு. புழு வந்த பலகையில மட்டும் ஒரு பொட்டு வாசம் இல்ல."

ரசாக் ஒரு பலகையை எடுத்து மோந்து பார்த்தார். "எனக்கு ஒண்ணும் தெரியலையே."

அலீமும் மோந்து பார்த்தார். "மர வாசம்தான் வருது. உங்களுக்குப் பிரமை, அண்ணே."

ருமானாவுக்கும் தெரியவில்லை.

பவதாரிணி சிரித்தாள். "பொறந்ததுல இருந்து இந்தப் புகையில இருக்கவங்க மூக்கு அதைக் கண்டுக்கவே கண்டுக்காது. வெளியாளுக்குத்தான் தெரியும். பாய், அந்தப் பலகை ஒரு வெள்ளிக்கிழமையைக்கூடப் பார்க்கல. அது உங்க பலகையே இல்ல."

ரசாக் எழுந்து நின்றேவிட்டார். "அது எப்படிம்மா? அடுக்கு அப்படியேதானே இருக்கு? ஒண்ணு கூடவும் இல்ல, குறையவும் இல்ல."

"கூடலைன்னா, உங்களோட நல்ல பலகை அம்புட்டும் எங்க போச்சு?"

பவதாரிணி அடுத்த கேள்விக்குப் போனாள். "வைக்கோல், காளான். இங்க யாரு காளான் வளக்குறாங்க?"

"நம்ம மரத்தூளை அள்ளிட்டுப் போற வேன்காரர் அலங்காநல்லூர்ல ஒரு காளான் பண்ணைக்குத்தான் குடுக்குறாரு. பண்ணைக்காரரை நான் பார்த்ததில்ல" என்றார் ரசாக்.

"காளான் எந்த ஊர்லதான் முளைக்கல? இந்த வெயில்ல அம்புட்டுத் தூரம் அலையணுமா மேடம்?" என்றார் அலீம் பரிவோடு. "நாளைக்கு எரிக்கப் போறாக. ஒரு வக்கீலைப் பார்த்தாலாவது பிரயோசனம்."

நியாயமான பேச்சாகத்தான் எனக்குப் பட்டது. பவதாரிணி பைக் சாவியை என் மேல் எறிந்தாள். ருமானா தட்டுகளையும் மைக்ராஸ்கோப்பையும் தூக்கிக்கொண்டு ஸ்கூட்டியில் பின்னாலேயே வந்தாள்.

* * *

காளான் பண்ணை என்றால் வெள்ளை வெளேரென்று அழகாக இருக்கும் என்று யாராவது உங்களிடம் சொன்னால் நம்பாதீர்கள். பாண்டிராஜின் ஷெட்டுக்குள் காலை வைத்ததும் வேகவைத்த வைக்கோலின் ஆவி மூஞ்சியில் அடித்தது. உத்திரத்தில் இருந்து பிளாஸ்டிக் பைகள் வரிசையாகத் தொங்கின. ஒவ்வொரு பையிலும் ஓட்டை, ஓட்டை வழியே காது காதாகக் காளான். அடியில் பழுப்புத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. ஒரு சொட்டு என் பின்கழுத்தில் விழுந்து முதுகு வழியாக இறங்கியது. கத்தியேவிட்டேன்.

"பயப்படாதீக அண்ணே, சத்துத் தண்ணி" என்றார் பாண்டிராஜ். கைலியை மடித்துக் கட்டிய வெள்ளந்தி மனிதர். "சூப்பு வச்சுத் தரவா?"

"சூப்பு இருக்கட்டும். புழுவை எங்கய்யா வளக்குறே?"

"புழுவா? புழு வந்துச்சுன்னா என் பண்ணையே காலி. நீங்க வேற!"

பவதாரிணி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, ருமானாவிடம் தலையசைத்தாள். ருமானா காளான் பைகளுக்குக் கீழே ஈரச் சாக்கை விரித்து, நடுவில் பூஞ்சைத் தட்டை வைத்தாள். நான் மூக்கைக் கைக்குட்டையால் கட்டிக்கொண்டு ஷெட்டின் கடைசி வரை நடந்தேன். கடைசியில் தகரம் அடித்து மறைத்திருந்தது. தகரத்தின் இடுக்கில் இருந்து பினாயில் நெடி வந்தது. கைக்குட்டையை அவிழ்த்தேன். பினாயிலுக்கு அடியில் இன்னொன்று.

"தாயி!" என்று கத்தினேன். "சாம்பிராணி!"

தகரத்துக்குப் பின்னால் இருந்த அறையை வாடகைக்கு விட்டிருப்பதாகச் சொன்னார் பாண்டிராஜ். இன்னொரு சாவி அவரிடம் இருந்தது. திறந்தார். சுவரோரமாகப் பைன் பலகைகள் அடுக்கியிருந்தன. ஒவ்வொன்றாக மோந்தேன். அத்தனையிலும் செல்லூர் வெள்ளிக்கிழமை மணத்தது. ரசாக்கின் நல்ல பலகைகள் இங்கே இருந்தன.

தரையைப் பினாயில் ஊற்றிக் கழுவியிருந்தார்கள். ஆனால் சிமெண்டு வெடிப்புகளில் ஈர மரத்தூள் அப்பிக் கிடந்தது. பவதாரிணி ஒரு குச்சியால் கிளறினாள். ருமானா அங்கேயும் சாக்கை நனைத்து விரித்து இன்னொரு தட்டை வைத்தாள்.

"யாருக்கு வாடகைக்கு விட்டீக?" என்று கேட்டாள் பவதாரிணி.

"என் சம்சாரம்தான் பேசி விட்டது. பேரு நமக்கு நிக்க மாட்டேங்குது, செல்லூர் பாய்னுதான் கூப்பிடுவோம். தங்கமான மனுசன். மொதல்ல வேற பலகை வச்சிருந்தாரு. ஓரமெல்லாம் நீலம் பூத்து, கெட்ட வாடை. போன சனிக்கிழமைதான் அதை ஏத்திட்டுப் போனாரு, அன்னைக்கே இதை ஏத்திட்டு வந்தாரு. எப்ப வந்தாலும் வெறுங்கையோட வரமாட்டாரு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. செல்லூர் பாய்! ருமானாவின் முகத்தைப் பார்த்தேன். அவள் சட்டென்று திரும்பி மைக்ராஸ்கோப்பைத் துடைக்க ஆரம்பித்தாள். தொட்டிலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அந்த மனிதர், சூட்டறையில் வாட்டாத புழுப் பலகையைக் கட்டிலாக்கி விற்கக் குடோனில் அடுக்கிவிட்டு, நல்ல பலகையை இங்கே பதுக்கி வைத்துவிட்டு, நம்மையும் கூப்பிட்டு நாடகம் ஆடுகிறாரா? அந்த அழுமூஞ்சியை நம்பிப் புழுவை மோந்தேனே!

"தாயி, நம்ம கட்சிக்காரரே நம்ம காதுல பூ சுத்திட்டாரு" என்று கிசுகிசுத்தேன்.

"இருக்கட்டும்ணே. கனகா மேடத்தை நான் கூப்பிடுறேன். ரசாக் பாயை வாடிவாசல் பக்கம் வரச் சொல்லியிருக்கேன். நீங்க போய் வழி காட்டிக் கூட்டிட்டு வாங்க. எங்க போறோம்னு மட்டும் சொல்லாதீங்க."

* * *

ரசாக் தன்னுடைய லோடு ஆட்டோவை ஓட்டிக்கொண்டு வந்தார். பக்கத்தில் அலீம், மடியில் கேரியர். மச்சானைத் தனியே விட மனசில்லை, மத்தியானச் சாப்பாட்டையும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டாராம். நான் இடித்துப் பிடித்துக்கொண்டு ஏறினேன். ரசாக் பக்கம் திரும்பக்கூட எனக்குப் பிடிக்கவில்லை.

"ஏதும் தகவல் உண்டா தம்பி?" என்றார் ரசாக்.

"உண்டு உண்டு. நேரா விடுங்க. அந்த வேப்பமரத்துக்கிட்ட இடது பக்கம்."

திரும்பியதும் அலீம் நெளிந்தார். "மச்சான், வயித்தைப் பிசையுது. இங்கனயே இறக்கி விடுங்க. நான் பஸ்ஸைப் புடிச்சுப் போறேன்."

"என் கூடவே பட்டினி கிடந்தா வயிறு என்னத்துக்கு ஆகும்? சொன்னாக் கேக்குறியா?" ரசாக் ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் அவர் முதுகைத் தடவிக் கொடுத்தார். "இந்தா வந்துருச்சு, இறங்கி உக்காரலாம்."

என்ன நடிப்பு என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஷெட் வாசலில் வண்டி நின்றது. கனகாவின் ஜீப் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தது. சத்தம் கேட்டுப் பாண்டிராஜ் வெளியே வந்தார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு ரசாக்கையே பார்த்தேன். பாண்டிராஜ் வாயெல்லாம் பல்லாக வந்தவர், ரசாக்கை ஏறெடுத்தும் பார்க்காமல் வண்டியைச் சுற்றி அந்தப் பக்கம் போய் அலீமின் கதவைத் திறந்தார்.

"வாங்க பாய்! இன்னைக்கும் கேரியரா? எதுக்கு உங்களுக்குச் சிரமம்?" என்று உரிமையோடு கேரியரைக் கையில் வாங்கிக்கொண்டார்.

அலீம் இறங்கவில்லை. கேரியர் போன பிறகும் கை மடியில் அப்படியே இருந்தது.

"இறங்குங்க அலீம் பாய்" என்றாள் பவதாரிணி வாசலில் இருந்து. "உங்க ரூமைத் திறந்துதான் வச்சிருக்கோம்."

உள்ளே கனகா மைக்ராஸ்கோப்பில் குனிந்திருந்தார். நிமிர்ந்ததும் அவர் முகமே கோணியிருந்தது. "காளான் பக்கம் வச்ச தட்டுல ஒண்ணுமே இல்ல. இந்த ரூம்ல வச்சதுல மொய்ச்சுக் கிடக்கு. தரை வெடிப்புக்குள்ள இருந்து தேடி வந்திருக்கு." என்னைப் பார்த்து, "பார்க்கிறீங்களா?" என்றார்.

"ஐயோ, உங்க வார்த்தையே போதும்."

"பைன் பலகை ஊர்ல யாருகிட்டத்தான் இல்ல?" என்றார் அலீம். குரல் ஏறியது. "நானும் பெட்டி வாங்குறேன், விக்கிறேன். அது தப்பா?"

"இந்தப் பலகையை எங்க வாங்குனீங்க?" பவதாரிணி ஒன்றை எடுத்துக் கனகாவிடம் நீட்டினாள். கனகா மோந்து பார்த்தார்.

"சாம்பிராணி" என்றார் உடனே.

"செல்லூர் குடோன்லயும் இதே வாசம்தான் மேடம். புழு வந்த பலகையில மட்டும் இருக்காது. நீங்களே போய்ப் பார்க்கலாம். இவரு வாங்குன பெட்டி சூடு காட்டாத பெட்டி. நீலம் பூத்து, புழு வச்சுருச்சு. தெரிஞ்சா இவரு சரக்கை எரிப்பீங்க. அதனால மச்சான் தொழுகைக்குப் போன நேரமாப் பார்த்து, புழுப் பலகையை அங்க அடுக்கிட்டு, அம்புட்டுக்கு அம்புட்டு நல்ல பலகையை இங்க ஏத்திட்டு வந்துட்டாரு. எண்ணிக்கையில ரொம்ப உசாரா இருந்தாரு. வாசத்துலதான் கோட்டை விட்டுட்டாரு, ஏன்னா அந்த வாசம் இவரு மூக்குக்கும் தெரியாது."

ருமானா மைக்ராஸ்கோப்பை விட்டு நகரவில்லை. "மாமு," என்றாள்.

அலீம் கனகாவைப் பார்க்கவில்லை, பவதாரிணியைப் பார்க்கவில்லை. ரசாக்கின் கையைப் பிடித்துக்கொண்டார். கண்ணில் காலையில் பார்த்த அதே கண்ணீர்.

"மச்சான், எனக்குச் சின்னப் புள்ளைக. இந்தச் சரக்குப் போனா நான் எந்திரிக்கவே முடியாது. நீங்கன்னா... நீங்க தாங்கிக்குவீகன்னுதான்... உங்க சரக்கு அம்புட்டையும் எரிப்பாகன்னு நான் நெனைக்கல மச்சான். சத்தியமா. நான் வச்ச பலகையை மட்டும்தான்..."

"மூணு நாளா உனக்குத் தெரியும்ல, எரிக்கப் போறாகன்னு?" என்றார் ரசாக். சத்தமே போடவில்லை.

அலீம் தலையைக் குனிந்தார்.

"தெரிஞ்சுக்கிட்டேதான் ஊட்டி விட்டியா? இந்தக் கையாலயாடா?"

ரசாக் கையை உருவிக்கொண்டார். தட்டுத் தடுமாறி வெளியே போனார். பம்புசெட் பைப்படியில் குனிந்து வாயைக் கொப்பளித்தார். திரும்பத் திரும்பக் கொப்பளித்தார். பிறகு தொண்டைக்குள் விரலை விட்டு, காலையில் தின்ற இடியாப்பம் முழுவதையும் வெளியே எடுத்தார்.

கருவாட்டு வாடைக்கே ஆட்டோவை நிறுத்தியவன் நான். அன்றைக்கு எனக்குக் குமட்டவில்லை. ஓடிப்போய் அவர் நெற்றியை என் உள்ளங்கையில் தாங்கிக்கொண்டேன். என் கையெல்லாம் பட்டது. பரவாயில்லை என்றிருந்தது. வண்டியில் வந்தபோது இந்த மனிதரைப் போய்ச் சந்தேகப்பட்டேனே என்று என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது.

பின்னால் கனகா போனில் பேசிக்கொண்டிருந்தார். "செல்லூருக்கு நாளைக்கு வண்டி வேணாம். மாத்தி வச்ச பலகையை மட்டும் இன்னைக்கே தூக்கிருங்க. மிச்சச் சரக்கை அவரு சூட்டறையிலயே இன்னொரு தடவை வாட்டச் சொல்லிக்கிறேன். புழு வந்த இடம் அலங்காநல்லூர்ன்னு எழுதிக்கங்க."

பாண்டிராஜ் என்ன செய்வதென்று தெரியாமல் கேரியரைப் பிடித்துக்கொண்டு நின்றார். ரசாக் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து அதை அவரிடமிருந்து வாங்கினார். திறக்கவில்லை. அறை வாசலில் உட்கார்ந்திருந்த அலீமின் காலடியில் கொண்டுபோய் வைத்தார்.

"சபுராகிட்ட நான் சொல்ல மாட்டேன்" என்றார். "சமைச்சுக் குடுத்தது உன் அக்கா. நீயே போய்ச் சொல்லிட்டு, கேரியரையும் குடுத்துரு."

லோடு ஆட்டோவில் ஏறி, பக்கத்து சீட்டைத் தட்டி மகளைக் கூப்பிட்டார்.